பேரணிக்கு அப்புறம் என்ன? போதையைத் தடுக்கும் ஊர்க் கூட்டமைப்புகள்: ஓர் அறிமுகம்

ஜூன் 26 வந்தால் எங்கள் பள்ளியில் பேரணி உண்டு. சர்வதேச போதைப்பொருள் ஒழிப்பு நாள். ஒன்பதாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும் கையில் அட்டையோடு வரிசை கட்டி, கடைத்தெரு வரை கோஷம் போட்டுக்கொண்டே போய்த் திரும்புவோம். பள்ளி வாசலுக்கு எதிரே ஒரு பெட்டிக்கடை. பேரணி அதைத் தாண்டித்தான் போக வேண்டும். கடைக்காரர் வெளியே வந்து நின்று சிரித்தபடி வேடிக்கை பார்ப்பார். கோஷம் போட்டவர்களில் இரண்டு மூன்று பேர் சாயங்காலம் அவரிடமே சிகரெட் வாங்க வருவார்கள் என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஆசிரியர்களுக்குத் தெரியாது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

பல வருஷம் கழித்து, அமெரிக்காவில் 'கம்யூனிட்டி கோயலிஷன்' என்று ஒரு ஏற்பாடு இருப்பதைப் படித்தபோது அந்தக் கடைதான் ஞாபகத்துக்கு வந்தது. பேரணி எங்களிடம் பேசியது. கடைக்காரரிடம் யாரும் பேசவில்லை. கடைக்காரர், போலீஸ், பெற்றோர், பள்ளி, டாக்டர், கோயில், உள்ளூர்ப் பத்திரிகை என்று எல்லாத் தரப்பையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, 'நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்குப் போதை எப்படி, எங்கிருந்து கிடைக்கிறது?' என்று கேட்கும் குழுவைத்தான் அங்கே அப்படிச் சொல்கிறார்கள். தமிழில் ஊர்க் கூட்டமைப்பு என்று வைத்துக்கொள்வோம்.

இதைப் போதை மறுவாழ்வு மையத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பழக்கத்துக்கு அடிமையானவருக்குச் சிகிச்சை கொடுப்பது வேறு வேலை, அதற்கு வேறு ஆட்கள். கூட்டமைப்பின் கண் இருப்பது இன்னும் தொடங்காத பிள்ளைமீது, அல்லது ஒருமுறை ருசி பார்த்துவிட்டு நிற்கும் பிள்ளைமீது. தொடங்கும் வயது தள்ளிப்போகப் போக, பின்னாளில் அடிமையாகும் ஆபத்தும் குறைகிறது. அதனால் பன்னிரண்டு வயதிலிருந்து பதினெட்டு வயது வரைதான் இவர்களுக்கு முக்கியம்.

பயமுறுத்திப் பார்த்த காலம்

இந்த யோசனை ஏன் வந்தது என்று தெரிய, அதற்கு முன்னால் என்ன செய்தார்கள் என்று பார்க்க வேண்டும். 1983-இல் லாஸ் ஏஞ்சலஸில் 'டேர்' என்ற திட்டம் தொடங்கியது. சீருடை போட்ட போலீஸ்காரர் வகுப்பறைக்கு வந்து போதையின் கேடுகளைச் சொல்லிக்கொடுப்பார், வேண்டாம் என்று மறுக்கப் பழக்குவார். பிள்ளைகளுக்குப் பிடித்தது, பெற்றோருக்கு ரொம்பவே பிடித்தது. அமெரிக்கா முழுக்கப் பரவியது, டி-ஷர்ட் எல்லாம் வந்தது. தொண்ணூறுகளில் ஆய்வாளர்கள் உட்கார்ந்து, அந்த வகுப்பில் இருந்த பிள்ளைகளையும் இல்லாத பிள்ளைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். போதைப் பழக்கத்தில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் எதுவும் இல்லை. பத்து வருஷம் கழித்து அதே பிள்ளைகளைத் தேடிப்போய்ப் பார்த்த ஆய்வும் அதையேதான் சொன்னது. திட்டத்தை நடத்தியவர்கள் பின்னாளில் பாடத்தையே மாற்றினார்கள்.

டேர் திட்டத்தை நான் கேலி செய்யவில்லை. அதில் இருந்தவர்கள் நல்ல மனசோடுதான் வேலை செய்தார்கள். ஆனால் வகுப்பறையில் ஒரு மணி நேரம் பாடம் கேட்ட பிள்ளை, மீதி நேரமெல்லாம் பழைய தெருவில்தானே வாழ்கிறது? கடை மாறவில்லை. அப்பாவின் பாட்டில் இருக்கும் அலமாரிக்குப் பூட்டு வரவில்லை. சாயங்காலம் நாலிலிருந்து ஏழு மணி வரை வீட்டில் ஆள் இல்லாத நிலைமையும் அப்படியே இருந்தது. பாடம் ஒரு பக்கம் இழுத்தால் ஊர் வேறு பக்கம் இழுக்கும். ஊர்தான் ஜெயிக்கும்.

சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஹாக்கின்ஸ், ரிச்சர்ட் கேட்டலானோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை இதய நோய் மாதிரி அணுகலாம் என்றார்கள். மாரடைப்பு வரும்வரை டாக்டர் காத்திருப்பதில்லை. ரத்த அழுத்தம், கொழுப்பு, புகை என்று முன்கூட்டியே தெரியும் ஆபத்துக் காரணிகளைக் குறைக்கப் பார்க்கிறார். போதைக்கும் அப்படிக் காரணிகள் உண்டு. சுலபமாகக் கிடைப்பது, ஊரார் அதைப் பெரிய தப்பாக நினைக்காதது, வீட்டில் ஓயாத சண்டை, பிள்ளை எங்கே போகிறது என்று யாரும் கேட்காதது, படிப்பில் தோற்றுப் பள்ளிமீதே வெறுப்பு வருவது, கூட்டாளிகள் ஏற்கெனவே தொடங்கியிருப்பது. இதற்கு எதிராக நின்று காக்கும் காரணிகளும் உண்டு. தன்மீது அக்கறை உள்ள ஒரு பெரியவர் இருப்பது, செய்ய உருப்படியான வேலை இருப்பது, அதைச் செய்தால் 'பரவாயில்லையே' என்று சொல்ல ஆள் இருப்பது. இந்தப் பட்டியல் ஊருக்கு ஊர் வேறு விகிதத்தில் கலந்திருக்கும். ஒரு ஊரில் கடைதான் பிரச்சினை, இன்னொரு ஊரில் வீடு.

'இங்கே மட்டும் ஏன்?'

கூட்டமைப்புகளுக்குப் பயிற்சி கொடுக்க 1992-இல் அமெரிக்காவில் 'காட்கா' என்ற தேசிய அமைப்பு தொடங்கப்பட்டது. அவர்களுடைய பயிற்சியில் இரண்டு கேள்விகள் திரும்பத் திரும்ப வரும். 'ஆனால், ஏன்?' என்பது ஒன்று. 'ஆனால், இங்கே ஏன்?' என்பது இன்னொன்று. இந்த விஷயத்தில் ஒரே ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

கற்பனையாக ஒரு ஊரை எடுத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பீர் குடிக்கிறார்கள் என்று கணக்கெடுப்பில் தெரிகிறது. ஏன்? சுலபமாகக் கிடைக்கிறது. இந்தப் பதிலோடு நின்றால் அடுத்தது போஸ்டர்தான் அடிக்க முடியும், ஏனென்றால் 'சுலபமாகக் கிடைக்கிறது' என்பது உலகத்தில் எல்லா ஊருக்கும் பொருந்தும். இங்கே ஏன்? விசாரிக்கிறார்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி கால்பந்து ஆட்டம் முடிந்ததும் பிள்ளைகள் யாரோ ஒருவர் வீட்டில் கூடுகிறார்கள். 'வெளியே எங்கேயோ போய்க் குடிப்பதைவிட நம்ம கண் முன்னால் குடிக்கட்டுமே' என்று அந்த வீட்டுப் பெற்றோர் விட்டுவிடுகிறார்கள். அப்புறம், நெடுஞ்சாலை ஓரத்து பெட்ரோல் பங்க் கடையில் ராத்திரி ஷிஃப்டில் இருக்கும் பையன் அடையாள அட்டை கேட்பதே இல்லை. இப்போது கையில் கிடைப்பது ஆட்ட இரவு, ஒரு கடை, ஒரு ஷிஃப்ட், சில வீடுகள். இவற்றோடு ஏதாவது செய்ய முடியும்.

என்ன செய்வார்கள்? அமெரிக்காவில் 21 வயதுக்குக் கீழே மது விற்கக் கூடாது; 1984-இல் வந்த மத்தியச் சட்டம் மாநிலங்களை அந்த வயதுக்குக் கொண்டுவந்தது. அதை வைத்து, வயது நிரம்பாத ஒரு இளைஞரைப் போலீஸ் கண்காணிப்பில் கடைக்கு அனுப்பி பாட்டில் கேட்க வைத்துச் சோதிப்பார்கள். விற்றால் அபராதம். கூட்டமைப்பு பங்குபெறும் சோதனைகளில், விற்க மறுத்த கடை ஊழியரைப் பாராட்டுவதும் உண்டு. வீட்டில் பிள்ளைகள் குடிக்க இடம் கொடுக்கும் பெரியவரைப் பொறுப்பாக்கும் உள்ளூர்ச் சட்டம் பல நகரங்களில் இருக்கிறது. இல்லாத நகரத்தில் அதைக் கேட்டு நகர மன்றத்தில் போய் உட்காருவார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஸ்டிக்கர் வேலை. மாணவர்கள் கடைக்காரர் அனுமதியோடு பீர் பெட்டிகள்மீது ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள்: வயது வராதவருக்கு வாங்கிக் கொடுப்பது குற்றம் என்று. இது பிள்ளைகளுக்கான அறிவுரை இல்லை, தம்பிக்கு வாங்கிக் கொடுக்கும் அண்ணனுக்கான எச்சரிக்கை. பிள்ளைகள் பெரியவர்களைத் திருத்துகிறார்கள். எங்கள் பேரணியை அப்படியே தலைகீழாகப் புரட்டினால் இதுதான்.

மாத்திரையிலும் இதே வழிதான். அமெரிக்காவில் வலி நிவாரணி மாத்திரைகள் பெரிய சிக்கலானபோது, பல பிள்ளைகளுக்கு அவை வீட்டு மருந்து அலமாரியிலிருந்தே கிடைத்தன. பாட்டியின் அறுவை சிகிச்சைக்குக் கொடுத்து மிஞ்சியவை. 2010-இலிருந்து அங்கே போதைத் தடுப்பு முகமை, மிஞ்சிய மாத்திரைகளைத் திரும்பப் பெறும் நாளை நடத்துகிறது. உள்ளூர்க் கூட்டமைப்புகள் அந்த நாளில் பெட்டி வைத்து வாங்குகின்றன, பூட்டும் மருந்துப் பெட்டிகளை விநியோகிக்கின்றன. பூட்டு ஒரு சின்ன விஷயம்தான். ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளையின் மனசை மாற்றுவதைவிட அலமாரியைப் பூட்டுவது சுலபம்.

மேசையில் பன்னிரண்டு நாற்காலி

1997-இல் அமெரிக்க நாடாளுமன்றம் போதையற்ற சமூகங்கள் சட்டத்தைக் கொண்டுவந்தது. இந்தச் சட்டத்தின் கீழ் ஒரு கூட்டமைப்புக்கு வருஷத்துக்கு 1,25,000 டாலர் வரை மத்திய அரசு கொடுக்கும். ஐந்து வருஷம், மறுபடி விண்ணப்பித்து வாங்கினால் இன்னொரு ஐந்து. பத்து வருஷத்துக்கு மேல் கிடையாது. இந்தத் தொகைக்கான நிபந்தனைகளைப் பார்த்தாலே கூட்டமைப்பு என்றால் என்ன என்று புரிந்துவிடும்.

முதல் நிபந்தனை: பன்னிரண்டு தரப்புகளும் இருக்க வேண்டும். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள், பெற்றோர், வணிகர்கள், ஊடகம், பள்ளி, இளைஞர் அமைப்பு, காவல் துறை, மத அமைப்பு, தொண்டுக் குழு, மருத்துவத் துறை, அரசு அலுவலகம், போதைத் தடுப்பில் ஏற்கெனவே இருக்கும் வேறொரு நிறுவனம். ஒரே ஆள் 'நான் பெற்றோரும்தான், வணிகரும்தான்' என்று இரண்டு நாற்காலியில் உட்கார முடியாது. நம் ஊர்க் கமிட்டிகளில் நாலு பேரே எல்லாப் பொறுப்பையும் பங்கு போட்டுக்கொள்வதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த விதியின் அருமை தெரியும்.

இளைஞர்களுக்கு ஏன் ஒரு நாற்காலி? எந்த மைதானத்துக்குப் பின்னால் என்ன நடக்கிறது, இந்த மாசம் எந்த வாசனை வேப் (மின் சிகரெட்) பிள்ளைகளிடம் சுற்றுகிறது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். வணிகருக்கு ஏன்? கடைக்காரரை எதிரியாக வெளியே நிறுத்தினால் அவர் ஒளித்து விற்பார். உள்ளே உட்கார வைத்தால் எந்தச் சரக்கை கவுண்டருக்குப் பின்னால் வைப்பது என்று பேசலாம். அதற்காக மதுக் கம்பெனியையோ புகையிலைக் கம்பெனியையோ உள்ளே விட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். தெருமுனைக் கடைக்காரருக்கும் கம்பெனிக்கும் வித்தியாசம் இருக்கிறது.

இரண்டாவது நிபந்தனை எனக்கு இன்னும் சுவாரஸ்யம். அரசு ஒரு டாலர் கொடுத்தால் ஊரும் ஒரு டாலருக்கு ஈடு காட்ட வேண்டும். பணமாகத்தான் என்றில்லை. தன்னார்வலர் செலவிட்ட மணி நேரம், சர்ச் இலவசமாகக் கொடுத்த ஹால், உள்ளூர் வானொலி இலவசமாக ஒலிபரப்பிய விளம்பரம், எல்லாவற்றுக்கும் மதிப்புப் போட்டுக் கணக்கில் காட்டலாம். ஏழாம் வருஷத்திலிருந்து ஊரின் பங்கு அரசு கொடுப்பதைப்போல் ஒன்றேகால் மடங்கு, ஒன்பதாம் வருஷத்திலிருந்து ஒன்றரை மடங்கு. அரசுப் பணம் நிற்பதற்குள் ஊர் தன் காலில் நிற்கப் பழகட்டும் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கையை விடுகிறார்கள்.

மூன்றாவது, எண்ணிக்கை. குறிப்பிட்ட வகுப்புப் பிள்ளைகளிடம் பெயர் கேட்காமல் கணக்கெடுத்து நாலு விஷயங்களைச் சொல்ல வேண்டும். கடந்த முப்பது நாளில் பயன்படுத்தினாயா? இது எவ்வளவு ஆபத்து என்று நினைக்கிறாய்? உன் பெற்றோர் இதைத் தப்பு என்பார்களா? உன் நண்பர்கள்? மேலோட்டமாகப் பார்த்தால் முதல் கேள்விதான் முக்கியம்போல் தெரியும். ஆனால் மற்ற மூன்றும் வானிலை முன்னறிவிப்பு மாதிரி. ஆபத்து என்ற எண்ணம் பிள்ளைகளிடம் குறையும்போது, பின்னாலேயே பயன்பாடு ஏறுவதை அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாகக் கண்டிருக்கிறார்கள்.

நண்பர்கள் பற்றிய கேள்வியில் ஒரு வேடிக்கை உண்டு. 'எல்லாரும் குடிக்கிறாங்க, நான் மட்டும்தான் இல்லை' என்று பிள்ளைகள் நினைப்பார்கள். கணக்கெடுத்தால் பெரும்பாலானவர்கள் குடிப்பதில்லை என்று வரும். அந்த உண்மையான எண்ணைப் பள்ளிச் சுவரில் எழுதி வைப்பதே ஒரு வேலையாகச் சில ஊர்களில் நடக்கிறது.

பலன் இருக்கிறதா?

சரி, இவ்வளவும் செய்தால் குறைகிறதா? ஹாக்கின்ஸ், கேட்டலானோ குழு தங்கள் முறைக்கு 'கம்யூனிட்டீஸ் தட் கேர்' என்று பெயர் வைத்தது. அதைச் சோதித்த விதம் நேர்மையானது. 7 மாநிலங்களில் 24 சிறு ஊர்களை எடுத்து, ஒன்றுக்கொன்று ஒத்த இரண்டிரண்டாக ஜோடி சேர்த்து, ஒவ்வொரு ஜோடியிலும் குலுக்கல் முறையில் ஒரு ஊரில் மட்டும் 2003-இல் முறையைத் தொடங்கினார்கள். இன்னொரு ஊர் வழக்கம்போல் இருந்தது. ஐந்தாம் வகுப்பிலிருந்து 4,407 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். தொடங்கிய ஊர்களில் கூட்டமைப்பு தன் ஊர்க் கணக்கைப் பார்த்து, இரண்டிலிருந்து ஐந்து காரணிகளை மட்டும் தேர்ந்தெடுத்து, ஏற்கெனவே சோதித்துப் பலன் தெரிந்த திட்டங்களில் தனக்குப் பொருந்துவதை எடுத்துக்கொண்டது.

எட்டாம் வகுப்பில், அந்த ஊர்களில் புதிதாகச் சிகரெட் தொடுவதும் புதிதாக மது தொடுவதும் மற்ற ஊர்களைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. குற்றச் செயல்களில் புதிதாக இறங்குவதும் நாலில் ஒரு பங்கு குறைவு. பன்னிரண்டாம் வகுப்பில் பார்த்தபோது படம் கொஞ்சம் மாறியது. தொடவே தொடாதவர்கள் இந்த ஊர்களில் அதிகம் இருந்தார்கள். ஆனால் 'போன மாசம் பயன்படுத்தினாயா' என்ற கேள்வியில் இரண்டு வகை ஊர்களுக்கும் வித்தியாசம் மறைந்துவிட்டது. தொடங்குவதைத் தள்ளிப்போட இந்த முறை கைகொடுக்கிறது. தொடங்கிவிட்ட பிள்ளையை நிறுத்த இது மட்டும் போதாது. இதைச் சொல்லாமல் முதல் எண்ணை மட்டும் காட்டுபவர்களை நம்ப வேண்டாம்.

இன்னொரு பக்கம் ஐஸ்லாந்து. அங்கே ஊர்க் கூட்டமைப்பு என்ற பெயர் இல்லாவிட்டாலும் வேலை அதேதான், நாடு முழுக்க. 1998-இல் அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் கடந்த ஒரு மாதத்தில் போதை ஏறக் குடித்ததாகச் சொன்னார்கள். 2016-இல் அது 5 சதவீதம். தினசரிப் புகைப்பவர்கள் 23 சதவீதத்திலிருந்து 3 சதவீதத்துக்கு வந்தார்கள்.

நடுவில் என்ன நடந்தது? கணக்கெடுப்பில் தெரிந்தது இது: பெற்றோரோடு அதிக நேரம் இருக்கும் பிள்ளைகள், வாரத்தில் மூன்று நாலு தடவை விளையாட்டுப் பயிற்சிக்குப் போகிறவர்கள், ராத்திரி நேரம் கழித்துத் தெருவில் சுற்றாதவர்கள், இவர்களிடம் போதை குறைவு. அதை வைத்தே வேலை நடந்தது. குளிர்காலத்தில் 12 வயதுவரை உள்ளவர்கள் இரவு 8 மணிக்கு மேலும், 13 முதல் 16 வயதுவரை உள்ளவர்கள் 10 மணிக்கு மேலும் பெரியவர் துணையின்றி வெளியே இருக்கக் கூடாது என்று சட்டம். அந்த நேரங்களை அச்சடித்த காந்த அட்டையை வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டினார்கள். 'பக்கத்து வீட்டுப் பையனை மட்டும் விடுறாங்களே' என்ற வாதம் அதோடு செல்லாமல் போனது. பெற்றோர்கள் முறை வைத்து வார இறுதி இரவுகளில் தெருவில் நடந்தார்கள். மது, புகையிலை விளம்பரத்துக்குத் தடை. விளையாட்டு, இசை வகுப்புக் கட்டணத்துக்குத் தலைநகர் ரேக்யவிக்கின் நகராட்சி பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுத்தது. ஒவ்வொரு பள்ளிக்கும் அதனதன் கணக்கு, எடுத்த சில மாதங்களுக்குள்ளேயே கைக்குப் போனது.

எல்லாப் புகழும் இந்த முறைக்கே என்று சொல்ல மாட்டேன். அதே காலத்தில் ஐரோப்பாவில் பல நாடுகளில் பிள்ளைகளிடம் புகையும் குடியும் குறைந்தன. ஐஸ்லாந்து சில லட்சம் பேர் மட்டுமே வாழும் நாடு, வசதியும் உண்டு. இருந்தாலும் அந்த அளவுக்கு, அந்த வேகத்தில் இறங்கியதை ஒதுக்கிவிட முடியாது.

கூட்டமைப்புகள் தோற்கும் இடங்களும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். சில ஊர்களில் மாதாமாதம் கூட்டம் நடக்கும், டீயும் பிஸ்கட்டும் வரும், தீர்மானம் எழுதப்படும், அவ்வளவுதான். சில இடங்களில் ஒருங்கிணைப்பாளர் வேலையை விட்டுப் போனதும் குழுவும் கலைந்துவிடும். பொதுவாக, பெரியவர்களின் வசதியில் கை வைக்க வேண்டிய கட்டத்தில் பலர் பின்வாங்குகிறார்கள். பிள்ளைகளுக்குப் போஸ்டர் போட்டி வைப்பதை யாரும் எதிர்ப்பதில்லை. கடை உரிமத்தைப் பற்றிப் பேசினால் ஊரில் பாதிப் பேருக்குக் கோபம் வரும்.

நம் பக்கம் என்ன இருக்கிறது? 2003-ஆம் வருஷத்துப் புகையிலைச் சட்டப்படி, கல்வி நிறுவனத்திலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவருக்கு எங்கேயும் விற்கக் கூடாது. கல்வி உரிமைச் சட்டத்தால் வந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை. மத்திய அரசின் 'நஷா முக்த் பாரத்' (போதையற்ற இந்தியா) இயக்கம் 2020 ஆகஸ்ட் 15-இல் 272 மாவட்டங்களில் தொடங்கியது. ஆக, நாற்காலிகள் ஓரளவு இருக்கின்றன. ஊர் அளவிலான எண்தான் இல்லை. 2019-இல் மத்திய சமூக நீதி அமைச்சகமும் எய்ம்ஸும் வெளியிட்ட பெரிய கணக்கெடுப்பு மாநில அளவில் நின்றுவிடுகிறது. எந்த ஊர், எந்தப் பள்ளி, எத்தனை மணி, எந்தக் கடை என்பது அதில் இருக்காது.

அதற்கு டெல்லியிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை. நூறு கெஜம் என்பது சுமார் 91 மீட்டர். பள்ளி வாசலில் டேப்பின் ஒரு முனையைப் பிடிக்க ஒருவர், மறுமுனையை இழுத்துக்கொண்டு நடக்க ஒருவர். எங்கள் பள்ளிக்கு எதிரே இருந்த அந்தக் கடைக்குப் பத்து மீட்டர்கூட இராது.